மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி: கொழும்பின் தமிழ் நகைச்சுவை நடிகர்கள் பற்றிய ஒரு மீள்பார்வை

2016ஆம் ஆண்டில் அடுத்தடுத்த இரு மாதங்களில் இலங்கை தன் இரண்டு பெரிய நகைச்சுவை நடிகர்களை இழந்தது. ஜூலையில் எஸ். ராமதாஸ் சென்னையில் காலமானார். ஆகஸ்டில் விஜய நந்தசிறி மறைந்தார். நந்தசிறி மேடையில் 'மனமே' நாடகத்தின் இளவரசனாக நடித்துப் பெயர் பெற்றவர். பின்னர் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் வழியாக, சிங்கள வீடுகள் மாலைதோறும் எதிர்பார்க்கும் முகமாகவே ஆனார். ராமதாஸின் பெயரைச் சொன்னதும் நம்மவர்களுக்கு நினைவில் எழுவது 'மரிக்கார்' என்ற பாத்திரமும் 1970களின் வானொலியும்தான். அவருடைய புகழின் உச்சம் அவர் இறப்பதற்கு நாற்பது ஆண்டுகள் முந்தியது.

இருவரும் ஒரே காலத்தவர். இருவரையும் வளர்த்தது கொழும்பின் கலையுலகம். இருவருக்கும் பெருந்திரளான இரசிகர்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தொலைக்காட்சி நீண்ட கலைவாழ்வைக் கொடுத்தது. மற்றவரின் தலைமுறைக்கு அது ஏன் கிடைக்கவில்லை? கொழும்பின் தமிழ் நகைச்சுவை நடிகர்களின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது எழும் முதன்மையான கேள்வி இது. சந்தை சிறியது, போர் வந்தது, தமிழகம் விழுங்கிவிட்டது, எங்களிடம் எழுத்தாளர் இல்லை என்று பல விடைகள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்கவேண்டும்.

நகரம் தந்த காது

வட கொழும்பில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி. தென் கொழும்பில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. நகரத்தின் தமிழ் நாடகம் இந்த இரு முனைகளிலும்தான் வளர்ந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்தை அண்டியது. தென்னிந்திய வணிகர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து இறங்கியவர்கள், யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் என எல்லாரும் நெருங்கி வாழ்ந்த இடம். வெள்ளவத்தை பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் குடியேறிய பகுதி. கொட்டாஞ்சேனைப் பக்கம் விவேகானந்த சபை மண்டபம். தென் கொழும்பில் சரஸ்வதி மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம். வார இறுதிகளில் இந்த மண்டபங்களில்தான் நாடகங்கள் ஏறின.

ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள் இத்தனை வகைத் தமிழ் கேட்கும் நகரம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. வடமராட்சிக்காரர் ஒருவிதமாகப் பேசுவார். கொழும்பு முஸ்லிம் இன்னொரு விதமாகப் பேசுவார். சிங்களவர் கடையில் நின்று பேசும் தமிழுக்கு வேறொரு ஓசை. நகைச்சுவை நடிகனுக்கு முதலில் வேண்டியது காது. அதைக் கொழும்பு இலவசமாகவே பயிற்றியது.

வானொலி என்ற பள்ளிக்கூடம்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமானது. தமிழ் நாடகப் பகுதியில் 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் தயாரிப்பாளராக இருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் துணிவோடு ஒலிவாங்கியின் முன் வந்தது. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானா பெயரெடுத்த 'லண்டன் கந்தையா' போன்றவை மக்கள் வீட்டில் பேசும் மொழியை அப்படியே ஒலிபரப்பின. செந்தமிழ் வசனத்தையே நாடகம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது புதிய அனுபவம். ஊர் விதானையாரும், லண்டன் போய்வந்த கந்தையாவும் நகைச்சுவைக்குரிய மனிதர்கள் என்பதை எழுத்தும் நடிப்பும் சேர்ந்து நிறுவின.

இந்த வழியில் பிறகு பலர் வந்தார்கள். வரணியூரான் என்ற பெயரில் எழுதிய எஸ். எஸ். கணேசபிள்ளை 'புளுகர் பொன்னையா'வைப் படைத்தார். எஸ். ஜேசுரட்ணம் 'முகத்தார் வீடு' மூலம் முகத்தாராகவே வாழ்ந்தார். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' நகைச்சுவைத் தொடரல்ல. ஆயினும் அதில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரனும் விஜயாள் பீற்றரும் ஒரு குடும்பத்தின் துயரத்தை நாடு முழுவதற்கும் கேட்கவைத்தார்கள். சிரிக்கவைப்பதற்கும் அழவைப்பதற்கும் வேண்டிய குரல் ஒழுக்கம் ஒன்றுதான் என்பதைப் பாலச்சந்திரனின் பிற்கால வேலைகள் காட்டின.

இந்த நடிகர்களில் மிகச் சிலரே நடிப்பை நம்பிச் சீவித்தார்கள். மற்றவர்கள் அலுவலகம் முடிந்து ஒலிப்பதிவுக்கு வந்தவர்கள். பாலச்சந்திரன் இறைவரித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். வானொலி தந்தது பெரும் புகழும் சிறு கொடுப்பனவும். இந்த ஏற்பாடு அப்போது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அரச உத்தியோகம் குடும்பத்தைத் தாங்கியது. வானொலி மனதைத் தாங்கியது. ஆனால் தொழிலாக வேரூன்றாத ஒரு கலை, உத்தியோகமும் ஊரும் ஒருசேரக் குலையும்போது தானும் குலையும். பின்னாளில் அதுவே நடந்தது.

நான்கு பேர், நான்கு தமிழ்

கொழும்பின் தமிழ் நகைச்சுவை அடைந்த உயரத்தை அறிய ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொண்டால் போதும்: ராமதாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்'. அதில் நான்கு முக்கிய பாத்திரங்கள். மரிக்கார், முஸ்லிம், நடித்தவர் ராமதாஸ். அப்புக்குட்டி, யாழ்ப்பாணத்தவர், நடித்தவர் டி. ராஜகோபால். உபாலி, சிங்களவர், நடித்தவர் எஸ். செல்வசேகரன். நான்காமவர் ஐயர், நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீட்.

இந்தப் பட்டியலை இன்றைய இலங்கையில் இருந்துகொண்டு மெதுவாக மீண்டும் வாசிக்க வேண்டும். ராமதாஸ் மரிக்காராகிறார். அப்துல் ஹமீட் ஐயராகிறார். செல்வசேகரன் உபாலியாகிறார். ஒருவர் மற்றவரின் பேச்சை எடுத்துக்கொள்கிறார். அதைக் கேட்டு நாடு முழுவதும் சிரிக்கிறது. இனங்களின் பேச்சை வைத்துச் சிரிப்பு மூட்டுவது எப்போதும் ஆபத்தான வேலை. ஒருவனை மட்டும் நடுவில் நிறுத்தி மற்றவர்கள் சிரித்தால் அது ஏளனம். இங்கே நால்வரும் நால்வரையும் பார்த்துச் சிரித்தார்கள். யாருடைய அசட்டுத்தனமும் தப்பவில்லை. யாரும் வெளியே தள்ளப்படவும் இல்லை. அந்தச் சமன்பாடே தொடரின் பலம்.

தொடரின் புகழ் 1976இல் அதைத் திரைப்படமாக்கியது. 'கோமாளிகள்' படத்தை எஸ். இராமநாதன் இயக்கினார். வானொலியில் குரலாக மட்டும் இருந்தவர்களின் முகங்களை மக்கள் முதன்முறையாகப் பெரிய திரையில் கண்டார்கள். சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் படத்தில் இருந்தார்கள். 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. கலைத்தரத்தில் இப்படங்கள் குறைபாடுடையவை என்று அன்றே விமர்சனம் எழுந்தது. மேடைத்தனமும் வானொலித்தனமும் அவற்றில் மிகுதி என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஈழத்துத் தமிழ்ச் சினிமா தன் சொந்த நடிகர்களின் பெயரைச் சொல்லி மக்களைக் கொட்டகைக்கு அழைத்த அரிய தருணம் அது.

இந்த நடிகர்களை மக்கள் இயற்பெயரால் மட்டும் அழைக்கவில்லை. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே கடைசி வரை சொன்னார்கள். 2012இல் செல்வசேகரன் மறைந்தபோதும் செய்திகளில் 'உபாலி' முன்னால் நின்றது. தமிழர் ஒருவரின் பெயருக்கு முன்னால் சிங்களப் பெயரொன்று அன்பின் அடையாளமாக ஒட்டிக்கொண்டதற்கு இந்நாட்டின் வரலாற்றில் எத்தனை உதாரணங்கள் உண்டு?

தனியொருவன் ஓட்டிய பஸ்

பாலச்சந்திரன் வேறொரு வழியில் சென்றார். 1944இல் கரவெட்டியில் பிறந்த அவர் மேடையில் தனியாக நின்று நடித்த 'அண்ணை றைற்' யாழ்ப்பாணத்துத் தனியார் பஸ்ஸின் கொண்டக்ரரைப் பற்றியது. கொண்டக்ரரின் அதட்டல், பிரயாணிகளின் முணுமுணுப்பு, நெரிசலின் சலசலப்பு எல்லாமே ஒரே ஆளின் குரலிலிருந்து எழும்பும். அது ஒலிநாடாவாகவும் பரவியது. புலம்பெயர்ந்தவர்கள் அதைப் பயணப் பெட்டியில் எடுத்துச் சென்றார்கள்.

அந்தத் தனிநடிப்பின் சிறப்பு, அது யாரையும் கீழே வைக்கவில்லை என்பதுதான். கொண்டக்ரர் அதட்டினாலும் அவனுடைய உழைப்பு தெரியும். பிரயாணிகள் குறைப்பட்டாலும் அவர்களுடைய களைப்பு தெரியும். பாலச்சந்திரன் 'வாடைக்காற்று' (1978) போன்ற ஈழத்துத் திரைப்படங்களிலும் நடித்தார். பின்னர் கனடாவுக்குச் சென்று, அங்கே வானொலி, தொலைக்காட்சி, குறும்படம், நாவல் என்று ஓயாமல் இயங்கி, 2014இல் மறைந்தார். கனடாத் தமிழ்த் தொலைக்காட்சியில் அவர் செய்த நகைச்சுவைகளைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும்: இவர்களுக்குக் கமரா ஒருபோதும் தடையாக இருக்கவில்லை. கொழும்பில் கமரா இவர்கள் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை.

அந்தப் பத்தாண்டு ஏன் செழித்தது?

1970களில் இத்தனை முயற்சிகள் ஒன்றாக மலர்ந்தது தற்செயல் என்று எண்ணக்கூடாது. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு குறைக்கப்பட்டது. 1972இல் அமைந்த திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு அயல்நாட்டுப் படங்களின் வரவு போனது. அதனால் உள்ளூர் எழுத்தாளனுக்கும் பதிப்பாளனுக்கும் படத்தயாரிப்பாளனுக்கும் மூச்சுவிட ஓர் இடைவெளி கிடைத்தது. அந்தக் கட்டுப்பாடுகளால் மக்கள் பட்ட பாடு எனக்கும் தெரியும். பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறையிடம் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் கலையைப் பொறுத்தவரை ஒன்று தெளிவு: உள்ளூர்க் கலைஞனுக்கென்று ஓர் இடம் காலியாக இருந்தபோது அவன் அதை நிரப்பிக் காட்டினான்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளி மெல்ல மூடத் தொடங்கியது. அதே வேளையில்தான் தொலைக்காட்சி நுழைந்தது.

தொலைக்காட்சி வந்த வேளை

1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. வானொலியில் கைதேர்ந்த தமிழ் நடிகர்கள் கொழும்பிலேயே, கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். சிங்களத்தில் நடந்ததைப் பாருங்கள். 'விநோத சமய' என்ற வானொலி நிகழ்ச்சியில் புகழ்பெற்ற அனஸ்லி டயஸ், பேர்ட்டி குணதிலக போன்றவர்கள் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் இயல்பாகக் கடந்து சென்றார்கள். அவர்களைத் தொடர்ந்து அடுத்த தலைமுறையும் வந்தது.

தமிழ் நடிகர்களுக்கு அந்தப் பாலம் கட்டப்படுவதற்குள் 1983 ஜூலை இனக்கலவரம் வந்துவிட்டது. ரூபவாஹினிக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. வெள்ளவத்தையின் காலி வீதி எரிந்தது. கொட்டாஞ்சேனையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது; படச்சுருள்கள் அழிந்தன. மேடைக்கு ஒத்திகை பார்த்தவர்கள் அகதி முகாம்களுக்குப் போனார்கள். பின்னர் கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்களும், விமானமேறி நாட்டை விட்டே போனவர்களும் உண்டு. சிட்னி, லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று அந்த நடிகர் குழுக்களின் உறுப்பினர்கள் சிதறினார்கள். முகத்தார் பிரான்சுக்குப் போனார். ஒரு நடிகர் போனால் இன்னொருவரைத் தேடலாம். எழுதுபவரும், நடிப்பவரும், பார்ப்பவரும் ஒரே நேரத்தில் போய்விட்டால் யாரைத் தேடுவது?

அதற்கும் மேலே இன்னொன்று உண்டு. 'கோமாளிகள்' வகை நகைச்சுவை, நான்கு சமூகங்களும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ளும் நம்பிக்கையின் மேல் நின்றது. 1983க்குப் பிறகு உபாலியின் தமிழைக் கேட்டு ஒரு தமிழ்க் குடும்பம் எப்படிச் சிரிக்கும்? 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு மரிக்காரும் அப்புக்குட்டியும் எந்த மேசையில் ஒன்றாக உட்காருவார்கள்? கலவரங்கள் நடிகர்களை விரட்டியதோடு நிற்கவில்லை. அவர்களுடைய நகைச்சுவைக்கு ஆதாரமாக இருந்த உறவையே அறுத்தன.

சந்தையா, போரா, தமிழகமா?

சந்தை சிறியது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 லட்சம். ஈழத்தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைச் சேர்த்தால் ஏறத்தாழ கால்பங்கு. அதாவது 50 லட்சத்துக்கு அண்மித்த எண்ணிக்கை. நியூசிலாந்தின் மொத்த மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த நாடு ஆங்கிலம் பேசுவது. அமெரிக்க, பிரித்தானிய நிகழ்ச்சிகள் அதை எளிதில் மூழ்கடித்திருக்கலாம். ஆனால் 1989 முதல் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு நிதி வழங்கப் பொது அமைப்பொன்றை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய செல்வம் நம்மிடம் இல்லை என்பது மெய். ஆயினும் தலைக்கணக்கை மட்டும் காட்டி நம்மால் முடியாது என்று சொல்லிவிட முடியாது.

போர் என்ற விடை பெரிய உண்மை. ஆனால் முழு உண்மையல்ல. 1998இல் சக்தி தொலைக்காட்சி தமிழுக்கென்றே வந்தது. போர் முடிந்த 2009இல் வசந்தம் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் மீண்டும் தமிழ் முகத்தோடு நிமிர்ந்தன. நேரமும் இருந்தது, நிலையங்களும் இருந்தன. அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தமிழகத் திரைப்படங்களும் நெடுந்தொடர்களும் எடுத்துக்கொண்டன. ஓர் அத்தியாயத்தை இங்கே எழுதி, நடித்து, படமெடுத்து ஒளிபரப்ப ஆகும் செலவைவிட, முடிந்துபோன இந்தியத் தொடரை வாங்கி ஒளிபரப்புவது மலிவு. நிலைய நிருவாகிகளைத் தீயவர்களாகச் சித்திரிக்கத் தேவையில்லை. கணக்கு அப்படித்தான் அமைந்தது. அதை மாற்றும் விதி எதுவும் மேலிருந்து வலுவாக வரவில்லை.

எழுத்தாளர் இல்லை என்ற வாதம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்கிறது. எழுத ஓர் இடம் இருந்தபோது இலங்கையர்கோனும், ராமதாஸும், வரணியூரானும், ஜேசுரட்ணமும், பாலச்சந்திரனும் எழுதினார்கள். வாரந்தோறும் எழுதவேண்டிய கட்டாயமே எழுத்தாளரை உருவாக்குகிறது. அந்தக் கட்டாயத்தை வானொலி கொடுத்தது, தொலைக்காட்சி கொடுக்கவில்லை.

அவுஸ்திரேலியாவைப் பார்த்தால்

நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய அவுஸ்திரேலியாவின் அனுபவம் இங்கே பாடமாகும். போல் ஹோகன் சிட்னித் துறைமுகப் பாலத்தில் வேலை செய்த தொழிலாளி. 1971இல் புதுமுகங்களுக்கான ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தோன்றினார். இரண்டு ஆண்டுகளில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். அது 1984 வரை ஓடியது. அவரும் நம் நடிகர்களைப் போலவே, வேலை முடிந்து மேடைக்கு வந்த மனிதர். வேறுபாடு எங்கே? அவருடைய நாட்டில் வணிகத் தொலைக்காட்சி நிலையங்கள் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இன்றும் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரையான நேரத்தில் 55 வீதம் அவுஸ்திரேலிய நிகழ்ச்சிகளாக இருக்கவேண்டும்.

குடியேறிகளின் நகைச்சுவைக்கும் அங்கே கதவு திறந்தது. கிரேக்கக் குடும்பத்தில் வந்த நிக் ஜியானோபூலோஸும் நண்பர்களும் 1987இல் மேடையேற்றிய நாடகம், குடியேறிகளை இழித்துச் சொல்லும் சொல்லையே தன் தலைப்பாக எடுத்துக்கொண்டது. அதன் வெற்றி 1989இல் 'அக்ரோபோலிஸ் நவ்' என்ற தொலைக்காட்சித் தொடராகி 1992 வரை நீடித்தது. பேச்சுத் தொனியையும் வீட்டுப் பழக்கத்தையும் வைத்து அவர்கள் செய்ததை, கொழும்பில் நால்வர் பத்தாண்டுக்கும் மேலாக முந்தியே செய்திருந்தார்கள். அவர்கள் மேடையிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்ல இரண்டே ஆண்டுகள் எடுத்தன. நம் நால்வருக்கு அந்தப் பயணம் முடியவே இல்லை. திறமையில் ஏற்பட்ட வேறுபாடாக இதை யாரும் எழுதிவிடக்கூடாது.

இனி என்ன?

இன்று கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை இளைஞர்கள் கைப்பேசியில் படமெடுத்து யூடியூப்பில் நகைச்சுவை செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு நல்ல காது இருக்கிறது. கொழும்புத் தமிழ், மலையகத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வருகின்றன. ஆனால் தங்களுக்கு முன்னால் ஒரு மரிக்காரும் அப்புக்குட்டியும் இருந்தார்கள் என்பதைக் கேட்டறிய அவர்களுக்கு வழி குறைவு. முன்னோடியைக் கேளாத நடிகன் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை தேடிச் சேர்ப்பது. வானொலிக் களஞ்சியத்தில் எஞ்சியிருக்கும் நாடாக்களையும், புலம்பெயர்ந்தோர் வீடுகளில் கிடக்கும் ஒலிநாடாக்களையும் எண்ணிமப்படுத்த வேண்டும். தட்டச்சுப் பிரதிகளைக் கண்டெடுத்து அச்சிட வேண்டும். மனைவியராகவும் அயல்வீட்டுப் பெண்களாகவும் குரல் கொடுத்த நடிகைகளின் பெயர்கள் ஆண்களின் பெயர்களைவிட வேகமாக மறைகின்றன. அவற்றை இன்றே குறித்துவைக்க வேண்டும். நூலகம் நிறுவனம் போன்ற இணைய ஆவணக் காப்பகங்கள் ஈழத்து நூல்களுக்குச் செய்ததை இந்தக் குரல்களுக்கும் செய்ய முடியும். கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் அவற்றைக் கேட்கும் மாலைகளை நடத்தலாம்.

இரண்டாவது வேலை இன்னும் கடினமானது: இடத்தைக் கேட்டுப் பெறுவது. இங்கே எழுதப்பட்டு, இங்குள்ளவர்களால் நடிக்கப்படும் அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்று வாரம் ஒருமுறையாவது தமிழ் அலைவரிசை ஒவ்வொன்றிலும் வரவேண்டும்; நடிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் உரிய கொடுப்பனவும் வேண்டும். இதை விதியாக்கும்படி அரசையும், நிதியளிக்கும்படி வணிக நிறுவனங்களையும் கேட்பது பேராசையல்ல. வானொலிக் காலத்தில் இந்த நாட்டு விளம்பரதாரர்கள் அதைச் செய்தவர்கள்தான். இந்த நடிகர்களின் வரலாறு ஓர் உண்மையைத் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்துகிறது: நகைச்சுவை நடிகன் தனியாகப் பிறக்கலாம், ஆனால் தனியாக வாழ முடியாது. அவனுக்கென்று ஒதுக்கப்பட்ட நேரமும், அந்த நேரத்துக்குக் காத்திருக்கும் மக்களும் வேண்டும். மக்கள் இருக்கிறார்கள். நேரத்தைக் கேட்க வேண்டியது நம் கடமை.